இருவருக்கு ஒரு பூட்டு

அவரிடம் கம்பியூட்டரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. "இரிங்க" என்பார். எதற்கு என்று கேட்டால் கதிரையைக் காலால் நம் பக்கம் தள்ளிவிடுவாரே தவிர விளக்கம் சொல்லமாட்டார். பெட்டியின் மூடியைக் கழற்றுவதிலிருந்து திரும்பப் பூட்டும் வரைக்கும், சொந்தக்காரர் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். அடுப்பில் சோறு கிடக்கிறது என்றால், போய் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், அதுவரை தொடமாட்டேன் என்று அனுப்பிவிடுவார். என்னையும் ஒருநாள் அப்படி அனுப்பினார். நான் போய்ச் சேர முன்னமே சோறு அடிப்பிடித்திருந்தது. அந்தக் கோபத்தையும் அவர் தலையில்தான் கொட்டினேன்.

பாலாவிச் சந்தியில் டயர்க் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, சுவரில் தொழுகை நேரம் அச்சடித்த ஒரு கலண்டர். உப்பு லொறி திரும்பும்போதெல்லாம் மேசை ஆடும். லொறி போகும் வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். உப்பளத்துக் காற்று அடிக்கிற ஊரில் கம்பியூட்டர் பழுதாவதற்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்றை எடுத்து ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் மெல்லத் தேய்ப்பார். பாதிப் பெட்டிகள் அதோடு எழும்பிவிடும். கல்பிட்டிக்காரர், மெலிந்த ஆள், எந்த வெக்கையிலும் சேர்ட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருப்பார். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நானாதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை.

பூட்டு விஷயத்தில்தான் அவருடைய கிறுக்கு முழுதாக வெளியே வரும். கம்பியூட்டருக்கு இரண்டு பூட்டு என்பார். விண்டோஸ் கேட்கிற பாஸ்வேர்ட் வெறும் படலைக் கொக்கி. சீடி ஒன்றைப் போட்டு அதிலிருந்து பெட்டியை எழுப்பினால் கொக்கியைத் தொடாமலே உள்ளே போய்விடலாம். அதற்கும் கீழே, பெட்டியைப் போட்ட கையோடு ஒரு பொத்தானை அமுக்கினால் வருகிற நீலத் திரை ஒன்று இருக்கிறது. பயோஸ் என்பார்கள். பெட்டி எதிலிருந்து எழும்ப வேண்டும், உள்ளே இருக்கிற ஹாட் டிஸ்க் தட்டிலிருந்தா, சீடியிலிருந்தா, பென் டிரைவிலிருந்தா என்று முடிவு செய்வது அங்கேதான். அந்த இடத்தைப் பூட்டினால்தான் அது பூட்டு.

அந்தப் பூட்டை நானா ஒருநாளும் ஒரே ஆளின் கையில் கொடுத்ததில்லை. பாஸ்வேர்டை இரண்டாக முறிப்பார். முன்பாதியை ஒருவர் தன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்பாதியை இன்னொருவர். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் வெளியே போய் நிற்க வேண்டும். பள்ளிவாசல் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு இரண்டு பேரின் கையில் திறப்பைக் கொடுப்பதில்லையா, அதே வழக்கம்தான் இதுவும் என்பார். அடிக்கிற நேரம் அவரோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கலண்டரைச் சத்தமாக வாசிப்பார். சுபஹு இத்தனை மணி, லுஹர் இத்தனை மணி, அசர் இத்தனை மணி. பார்க்காமல் நின்றால் போதாதா, எதற்கு இந்த ஓதல் என்று கேட்டேன். கீபோட்டின் கட்டை அடிக்கிற சத்தம் காதில் விழுந்தால் எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடுமாம்.

உப்பு முதலாளி ஒருவர், பெயர் சொன்னால் பாலாவியில் எல்லோருக்கும் தெரியும், சொல்லமாட்டேன். தன் ஒபிஸ் பெட்டிக்கு, போட்ட உடனேயே பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி, பூட்டுப் போட வந்தார். தனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றார். நானா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "ஹாஜியார், நீங்க மௌத்தாப் போனா இத ஆர் துறக்கிற?" என்று கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலாளி போய்விட்டார். என் சாவைப் பற்றி இவன் யார் என்னிடம் கேட்க என்று சந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளில் அவரே திரும்பி வந்தார், வாகனத்தில் பொஞ்சாதியையும் ஏற்றிக்கொண்டு. அந்த அம்மா அதுவரை கீபோட்டைத் தொட்டதில்லை. ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்து முடிப்பதற்குள் நானா அந்த மாதத்தை முடித்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு முதலாளிக்கு ஒபிஸ் பெட்டியைப் போட வேண்டுமென்றால் பொஞ்சாதியிடம் போக வேண்டும். சண்டை பிடிக்கக்கூட வசதியில்லாமல் செய்துவிட்டான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

எங்களிடத்துக்கு அந்தப் பூட்டு வந்த காரணம் சிரிக்கக்கூடியதல்ல. பாலாவிக்குப் பக்கத்தில், தில்லையடியில் பெண்பிள்ளைகளுக்கு டைப்பிங்கும் கம்பியூட்டரும் படிப்பிக்கிற சின்ன நிலையம் ஒன்றை நானும் ஜெஸீமாவும் நடத்திக்கொண்டிருந்தோம். நாங்கள் மன்னார்ப் பக்கம் ஒரே ஊர், ஒரே வகுப்பு. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டு எழும்பச் சொன்னபோது ஒரே வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். நிலையத்தில் ஒரேயொரு கம்பியூட்டர். சான்றிதழுக்காக எடுத்த பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அதில் ஒரு பிள்ளையின் படம் யாரோ ஒரு பொடியனின் போனில் இருப்பதாகக் கதை வந்தது. பிள்ளையின் வாப்பா வந்து வாசலில் நின்றார். ஏசவுமில்லை, கத்தவுமில்லை, நின்றார். அறைத் திறப்பு என்னிடம் ஒன்று, ஜெஸீமாவிடம் ஒன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் அன்று இரண்டு பேரும் இருந்தோம்.

நானா வந்து பார்த்துவிட்டு, யாரோ வெளிச் சீடி போட்டுப் பெட்டியை எழுப்பிப் படங்களை எடுத்திருக்கிறான், யாரென்று என்னால் சொல்ல முடியாது என்றார். சீடியையும் பென் டிரைவையும் அடைத்தார், தட்டிலிருந்து மட்டும் எழும்பும்படி வைத்தார், நீலத் திரையைப் பூட்டினார். அன்றாடம் பெட்டியைப் போட அந்தப் பூட்டு குறுக்கே வராது, நீலத் திரைக்குள் போகத்தான் வேண்டும். முன்பாதி ஜெஸீமாவுக்கு, பின்பாதி எனக்கு. அன்றுதான் எங்களுக்கு இந்தப் பிடிவாதத்தின் கதையைச் சொன்னார்.

"வயசுல கொழும்புல ஒரு துணிக்கடையில நிண்டன். கடைத் திறப்பு என்ட கையில மட்டும். ஒருநாள் ஒரு சாமான் காணாமப் போச்சு. நான் எடுத்தனெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. எடுக்கல்லயெண்டும் ஒருத்தரும் சொல்லல்ல."

என்ன சாமான், பிறகு என்ன நடந்தது என்று ஜெஸீமா கேட்டாள். அவர் மூடியைப் போட்டுத் திருப்புளியால் முறுக்கத் தொடங்கிவிட்டார்.

யுத்தம் முடிந்து, ஊருக்குத் திரும்பிப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று வந்தபோது, ஜெஸீமா என்னிடம் கேட்காமலே பெயரைப் பதிந்துவிட்டாள். அங்கே பாம்பும் பற்றையும் தவிர என்ன இருக்கிறது என்றேன். உன் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், உன்னைக் கட்டிய மாப்பிள்ளையின் தொழில், இருபது வருடத்து வாழ்க்கை, எல்லாவற்றையும் தகரத்தோடு கட்டி லொறியில் ஏற்றப் போகிறாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். லொறி வெளிக்கிட்ட அன்று நான் வழியனுப்பப் போகவில்லை. வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். போன பிறகு போன் எடுத்தாள். நான் வெட்டினேன். திரும்பத் திரும்ப எடுத்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் எங்களுக்குள் கதை இல்லை.

அப்போதுதான் நிலையத்துக் கம்பியூட்டர் படுத்துவிட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒற்றை வரி. அதைத் தாண்டி நகரவில்லை. பிள்ளைகள் சான்றிதழுக்காகச் செய்த வேலை முழுக்க உள்ளே கிடந்தது. அடுத்த கிழமை சான்றிதழ் தருகிற இடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். வேலையைக் காட்டாவிட்டால் அந்த வருடம் போச்சு. அதில் இரண்டு பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. அடுத்த வருடம் வந்து இருந்து படிக்க வீட்டில் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நானா பார்த்தார். தட்டுக்கு ஒன்றுமில்லை, விண்டோஸ்தான் உடைந்திருக்கிறது, சீடியிலிருந்து எழுப்பினால் பிள்ளைகளின் வேலையை வெளியே எடுத்துவிடலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு, சீடியிலிருந்து எழுப்ப நீலத் திரையைத் திறக்க வேண்டும், ஜெஸீமாவைக் கூப்பிடுங்கள் என்றார். வந்த உயிர் போய்விட்டது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு வழி இரிக்கி டீச்சர். மதர்போட்டுல ஒரு குட்டி மூடி இரிக்கி, அத மாத்திப் போட்டா பாஸ்வேர்ட் அழிஞ்சிரும். இல்லாட்டித் தட்டக் கழட்டி வேற பெட்டியில கொழுவலாம். ரெண்டும் கள்ளன் செய்ற வேலை. நான் செய்யமாட்டன்."

என் சாமானை நானே திறப்பது கள்ள வேலையா என்று அவருடைய கடையில் நின்றுகொண்டு கத்தினேன். தேநீர்க் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டவுணில் ஆளில்லையா, நான் அங்கே கொண்டுபோகிறேன் என்றேன். கொண்டு போங்கள், கால் மணித்தியாலத்தில் செய்து தருவார்கள் என்றார். எரிச்சலே இல்லாமல் சொன்னார். எழும்பி, தூக்கிப் போக வசதியாகப் பெட்டியைக் கயிற்றால் கட்டி, ஓட்டோவில் ஏற்றியும் விட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஓட்டோ தில்லையடிக்கு வந்ததும் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னேன். பெட்டி இரண்டு நாள் என் சாப்பாட்டு மேசையில் இருந்தது. மூன்றாம் நாள் அதே ஓட்டோவில் அதே பெட்டியோடு நானாவின் கடை வாசலில் போய் இறங்கினேன். எங்கே போனீர்கள், என்ன நடந்தது என்று அவர் ஒரு சொல் கேட்கவில்லை. போனை எடுத்து ஜெஸீமாவோடு கதைத்தார். பாதியைப் போனிலேயே சொல்லச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஒருவர் வாயால் சொல்லி மற்றவர் காதால் கேட்டால் அது ஒரு ஆளின் திறப்பாகிவிடும் என்றார். மாப்பிள்ளை கடலுக்குப் போயிருக்கிறார், வீட்டில் மாமியார் படுக்கையில், தன்னால் வர முடியாது என்று ஜெஸீமா சொன்னாளாம். அப்படியென்றால் நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு நானா போனை வைத்தார்.

அந்த நாட்களில் எலுவன்குளம் வழியாகக் காட்டுப் பாதையில் மன்னாருக்குப் பஸ் ஓடியது. நானா தன் பொஞ்சாதியையும், எங்களுக்கு அவர் மைனி, கூட்டிக்கொண்டு வந்தார். அந்நியப் பெண் ஒருத்தியோடு தனியாகப் பயணம் போகிற ஆளா அவர்? பெட்டி அவர் மடியில், பெட்சீட்டால் சுற்றிய மொனிட்டர் மைனி மடியில், கீபோட் என் மடியில். ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் அதில் இறங்கி ஏறும்போது மைனி மொனிட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நபி மீது ஸலவாத்துச் சொன்னார். காவலில் நின்ற ஆமிக்காரப் பொடியன் பெட்சீட்டைத் தூக்கிப் பார்த்தான். சிங்களத்தில் நானா ஏதோ சொல்ல, அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். என்ன சொன்னீர்கள் என்றேன். டீச்சர் தன் சினேகிதியைப் பார்க்கக் கம்பியூட்டரோடு போகிறார் என்று சொன்னாராம்.

ஜெஸீமா பாதையோரத்தில் நின்றாள். கறுத்து மெலிந்திருந்தாள். ஸலாம் சொன்னேன், பதில் சொல்லிவிட்டுக் கீபோட்டை வாங்கிக்கொண்டாள். தகரக் கூரை போட்ட வீடு. நானா பெட்டியை மேசையில் வைத்து, மொனிட்டரைப் பக்கத்தில் வைத்து, வயரெல்லாம் கொழுவி, கடைசி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், கதவுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"கரண்ட் எங்க?" என்றார்.

"இன்னும் வரல்லயே நானா" என்றாள் ஜெஸீமா.

சீமெந்து ஆலை வெளிச்சத்தில் வாழ்கிற பாலாவிப் பக்கத்து ஆட்கள் நாங்கள். காடு கடந்து, ஆறு கடந்து, ஆமிக்குப் பதில் சொல்லி வந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மைனிதான் முதலில் சிரித்தார். பிறகு நான். ஜெஸீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, முடியாமல் நிலத்தில் குந்திவிட்டாள். நானா மட்டும் வயரைப் பிடித்தபடியே நின்றார். தொழில் செய்கிற மனிதருக்கு அது எவ்வளவு வெட்கம் என்று முகத்தில் தெரிந்தது.

பள்ளிவாசலில் ஜெனரேட்டர் இருந்தது. பாங்கு சொல்ல மட்டும் போடுவார்களாம். மோதினார் நல்ல மனிதர். லுஹர் பாங்குக்குப் போடும்போது பக்கத்தில் பிள்ளைகள் ஓதுகிற கொட்டிலுக்கும் வயர் இழுத்துத் தருகிறேன், தொழுகை முடியும் வரைக்கும் விடுகிறேன் என்றார். எல்லாவற்றையும் மறுபடி கழற்றிச் சுமந்து அங்கே போனோம். பாங்கு முடிந்த கையோடு நானா வயரெல்லாம் கொழுவிப் பெட்டியைப் போட்டார்.

கொட்டிலில் கலண்டர் இல்லை. நானா ஓலைத் தட்டிப் பக்கம் திரும்பி நின்று ஸலவாத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். நான் வெளியே போய் நின்றேன். ஜெஸீமா அடித்துவிட்டு வந்தாள். அவள் வெளியே நிற்க, நான் போய் என் பாதியை அடித்தேன். நீலத் திரை திறந்தது. நானா வந்து இருந்து, அடைத்து வைத்திருந்த சீடியைத் திறந்து முதலாம் இடத்துக்கு ஏற்றி, பழைய பூட்டையும் எடுத்து, சேமித்துவிட்டு வெளியே வந்தார். சீடி சுழன்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒரு வேலைகூடக் குறையவில்லை. பென் டிரைவில் இறக்கிக் கையில் தந்தார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெட்டியை முன்போலத் தட்டுக்கு மாற்றிப் பூட்ட வேண்டும். நானா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஜெஸீமா வரவில்லை. தட்டியில் சாய்ந்தபடி நின்றாள்.

"என்ட பாதிய வேற ஆருக்கும் குடுங்க நானா. படிச்ச பிள்ளைல ஒண்டுக்குக் குடுங்க" என்றாள்.

நான் திரும்பினேன். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று ஆகிவிட்டது. ஏன், வரமாட்டாயா, இந்தக் காட்டுக்குள் எத்தனை நாள் கிடப்பாய், உன் கதிரையில் நான் இன்னும் ஒருத்தரையும் இருத்தவில்லை, நீ திரும்பி வருவாய் வருவாய் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று அழுகையும் ஏச்சுமாக வந்தது. மைனி என் கையைப் பிடித்தார். ஜெஸீமா தட்டியை விட்டு என் கிட்ட வந்தாள்.

"நான் போகல்ல புள்ள. நான் வந்துட்டன்" என்றாள். "நீதான் இன்னும் வரல்ல. உன்ட வளவு அந்தா, அந்தப் பனைக்கு அங்கால. வந்து பாக்கவுமில்ல நீ."

எங்கள் பழைய வீடு நின்ற நிலம் என்று அவள் கை காட்டிய பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தொழுகை முடிந்து ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். திரை அணைந்தது. நானா வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். பாதியை யாருக்குக் கொடுப்பது என்று பாலாவிக்குப் போய்ப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். ஜெஸீமா மீன் குழம்பு வைத்திருந்தாள். ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். பஸ் வரும் நேரம் என் தலைத்துணியை அவளே சரிசெய்துவிட்டாள்.

திரும்பும்போது மைனி தூங்கிவிட்டார். அழுது வீங்கிய கண்ணோடு நான் நானாவிடம் கேட்டேன். என் குரல் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தது.

"அந்தக் குட்டி மூடிய மாத்திப் போட்டிருந்தா கால் மணித்தியாலத்துல முடிஞ்சிருக்கும் நானா. என்ன ஏன் இவ்வளவு தூரம் இழுத்தீங்க?"

மடியில் இருந்த பெட்டியை அவர் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"பெட்டியக் கட்டி ஓட்டோல ஏத்தி விட்டும் நீங்க வேற கடைக்குப் போகல்லயே டீச்சர்" என்றார்.

பாலாவியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் ஜெஸீமாவுக்குப் போன் எடுத்தேன்.